வாடகைக்கு விட்ட வீட்டுக்குக் காப்பீடு: எங்கே சிக்கனம், எங்கே ஆபத்து?

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் வாசகர்கள் காப்பீடு பற்றிக் கேட்டிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பிரீமியத்தைக் குறைப்பது எப்படி என்பதுதான் பெரும்பாலான கடிதங்களின் கவலை. குறைக்க வழி உண்டு. ஆனால் பலர் கை வைப்பது, கை வைக்கக் கூடாத இடத்தில்.

நாங்கள் குடியிருந்தபோது எடுத்த வீட்டுக் காப்பீட்டு பாலிசி இன்னும் நடப்பில் இருக்கிறது. வேலை மாற்றத்தால் வேறு ஊருக்கு வந்துவிட்டோம். வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். "அதைச் சொன்னால் பிரீமியம் ஏறும், சொல்லாமலே புதுப்பித்துவிடுங்கள்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அப்படிச் செய்யலாமா?

செய்யாதீர்கள். வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் காப்பீட்டு நிறுவனம் அபாயத்தைக் கணக்கிடுகிறது. சொந்தக்காரர் குடியிருக்கும் வீடு, வாடகை வீடு, பூட்டிக் கிடக்கும் வீடு மூன்றுக்கும் கணக்கு வேறு. இதை மறைத்தால், தீ விபத்துக்குப் பிறகு நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து கேட்கும் முதல் இரண்டு மூன்று கேள்விகளிலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு கிளைமைக் குறைக்கவோ, முற்றிலும் மறுக்கவோ நிறுவனத்துக்கு வலுவான காரணம் கிடைத்துவிடுகிறது. தீக்கும் வாடகைக்கும் சம்பந்தமே இல்லையே என்று நீங்கள் வாதாடலாம். வாதாடி முடியும்வரை வீடு கரிபிடித்தபடியே நிற்கும்.

செய்ய வேண்டியது இதுதான். பாலிசி எண்ணைக் குறிப்பிட்டு, எந்தத் தேதியிலிருந்து வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள், குடும்பமா தனிநபர்களா, ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு என்பதை நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது. நடப்பு பாலிசியிலேயே திருத்தம் செய்து எழுத்தில் அனுப்புவார்கள், அல்லது வாடகை வீட்டுக்கான பாலிசிக்கு மாறச் சொல்வார்கள். கூடுதல் பிரீமியம் நீங்கள் பயந்த அளவு இல்லாமலும் போகலாம். ஏனென்றால், உங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். உள்ளே இருக்கும் நகை, துணிமணி, டி.வி. எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்பு கட்டிய தொகை இனி தேவையில்லை. உங்களுக்குச் சொந்தமாக அங்கே விட்டு வந்த பொருள்களுக்கு மட்டும் காப்பீடு போதும்: ஏ.சி., கீசர், மாடுலர் கிச்சன், கட்டில் போன்றவை.

வீட்டுக் கடன் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். கடன் கொடுத்தவர்கள் வற்புறுத்தி எடுக்கவைத்த பாலிசியின் தொகை சில சமயம் கடன் பாக்கியின் அளவுக்கு மட்டுமே இருக்கும். அது அவர்கள் பணத்தைக் காக்கிறது. மீதி வீடு உங்கள் பொறுப்பு.

வீட்டின் சந்தை விலைக்குக் காப்பீடு எடுத்தால் பிரீமியம் கட்டுப்படியாகவில்லை. பாதித் தொகைக்கு எடுத்தால் போதாதா? முழு வீடும் ஒரேயடியாக அழியவா போகிறது?

இதில் இரண்டு தவறுகள் கலந்திருக்கின்றன. ஒன்று உங்களுக்கு வீண் செலவு, மற்றது பெரிய ஆபத்து.

முதலில் வீண் செலவு. சந்தை விலையில் மனையின் விலையும் சேர்ந்திருக்கிறது. மனை தீப்பிடிக்காது. காப்பீடு செய்ய வேண்டியது, அதே இடத்தில் அதே தரத்தில் வீட்டை மறுபடி கட்ட ஆகும் செலவை மட்டும்தான். மனை விலை உயர்ந்த இடங்களில் இது சந்தை விலையில் சிறு பகுதியாகவே இருக்கும். எனவே நேர்மையான வழியிலேயே உங்கள் பிரீமியம் நன்றாக இறங்கும்.

கணக்குப் போடும் முறை: கட்டிய பரப்பளவைச் சதுர அடியில் எடுத்துக்கொண்டு, இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்குங்கள். நீங்கள் வீடு கட்டிய வருடத்துச் செலவை எடுக்காதீர்கள். அப்பகுதியில் வேலை செய்யும் இரண்டு கட்டடப் பொறியாளர்களிடமாவது சதுர அடிச் செலவு கேளுங்கள். அதோடு சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி, கார் நிறுத்தும் கூரை, பதித்த அலமாரிகள் ஆகியவற்றைச் சேருங்கள். பலர் விட்டுவிடுவது மூன்று: இடிபாட்டை அகற்றும் செலவு, பொறியாளர் கட்டணம், புதிதாக அனுமதி வாங்கும் செலவு. சில பாலிசிகள் இவற்றைத் தனியே, ஒரு வரம்புக்குள் தருகின்றன. சிலவற்றில் காப்பீட்டுத் தொகைக்குள்ளேயே அடங்க வேண்டும். கேட்டுத் தெரிந்துகொண்டு தொகையை முடிவு செய்யுங்கள்.

இப்போது ஆபத்து. பல பாலிசிகளில் குறைகாப்பீட்டு விதி என்று ஒன்று இருக்கிறது. மறுபடி கட்ட 100 பங்கு செலவாகும் வீட்டை 60 பங்குக்குக் காப்பீடு செய்திருக்கிறீர்கள். சமையலறையில் தீப்பிடித்து 20 பங்கு நஷ்டம். இருபது அறுபதுக்குள்தானே இருக்கிறது, முழுதும் கிடைக்கும் என்று நினைப்போம். கிடைக்காது. நீங்கள் 60 சதவீதத்துக்குத்தான் காப்பீடு செய்தீர்கள், ஆகவே எந்த நஷ்டத்திலும் 60 சதவீதம்தான் என்று 12 பங்கு தருவார்கள். ஒவ்வொரு கிளைமிலும் முதலில் நீங்களே ஏற்க வேண்டிய பங்குத் தொகை 2 என்றால் அதையும் கழித்து 10. சிறிய விபத்திலேயே பாதி உங்கள் கையிலிருந்து போகிறது. வீடு முழுவதும் அழியவே வேண்டாம்.

இந்த விதியைத் தளர்த்திய பாலிசிகளும் உண்டு. சில, குறைவு 15 சதவீதத்துக்குள் இருந்தால் பொருட்படுத்துவதில்லை. பாலிசி ஆவணத்தில் இந்த ஒரு பத்தியைத் தேடிப் படித்துவிட்டுப் பிறகு பிரீமியத்தைப் பாருங்கள். நீண்ட காலப் பாலிசி என்றால், காப்பீட்டுத் தொகை ஆண்டுதோறும் தானாக உயரும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்று சரியாக இருக்கும் தொகை, கட்டுமானச் செலவு ஏறும்போது சில ஆண்டுகளில் குறைகாப்பீடாகிவிடும்.

"தேய்மானம் கழித்து" என்று இருக்கிறதா, "புதிதாகக் கட்டும் செலவு" என்று இருக்கிறதா என்பதும் முக்கியம். முப்பது வருடப் பழைய வீட்டுக்குத் தேய்மானம் கழித்தால், வரும் பணத்தில் கூரைகூடப் போட முடியாமல் போகலாம். பழைய வீட்டுக்கு மலிவாக ஒரு பாலிசி கிடைத்தால் காரணம் பெரும்பாலும் இந்த வரியில்தான் இருக்கும்.

என்னுடையது அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பிளாட். சங்கம் மொத்தக் கட்டடத்துக்கும் பாலிசி எடுத்திருக்கிறதாம். நான் தனியாக எடுக்க வேண்டுமா?

சங்கத்திடம் பாலிசியின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் பார்க்க வேண்டியது: தனி பிளாட்களின் உட்புறம் அடங்குகிறதா, அல்லது தூண், கூரை, படிக்கட்டு, லிஃப்ட் போன்ற பொதுப் பகுதிகள் மட்டுமா. உட்புறம் அடங்கினால், தரைக்கற்கள், கதவு, ஒயரிங் வரை வருகிறதா என்று பாருங்கள். மொத்தத் தொகை போதுமானதா என்றும் பாருங்கள். அதுவே குறைவாக இருந்தால் மேலே சொன்ன விகிதக் கணக்கு எல்லோரையும் அடிக்கும்.

கட்டடம் முழுதாக அடங்கியிருந்தால் அதே சுவருக்கு இன்னொரு முறை காப்பீடு வேண்டாம். இரண்டு பாலிசி இருந்தால் நஷ்டத்தை இரண்டு நிறுவனங்களும் பங்கிட்டுக்கொள்ளும், உங்களுக்கு இரட்டிப்பாக வராது. விடுபட்டதற்கு மட்டும் எடுங்கள்: உட்புற வேலைப்பாடு, உங்கள் பொருள்கள், வாடகை இழப்பு, மூன்றாம் நபர் பொறுப்பு. இந்தக் கடைசி ஒன்றை பிளாட்காரர்கள் விடவே கூடாது. உங்கள் குளியலறைக் குழாய் உடைந்து கீழ்வீட்டுக்காரரின் கூரையும் மர அலமாரியும் பாழானால், அவர் கேட்கப்போவது உங்களிடம்தான்.

மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்கினேன். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். எதை நம்புவது?

மூன்றும் ஒரே பொருளின் விலையாக இருக்காது. ஆளுக்கொரு விவரம் கொடுத்து வாங்கிய விலைப்புள்ளிகளை ஒப்பிடவே முடியாது. ஒரு பக்கத் தாளில் வீட்டின் விவரத்தை எழுதுங்கள்: பரப்பளவு, கட்டிய ஆண்டு, கூரை எதனால் ஆனது, ஒயரிங்கும் குழாயும் கடைசியாக எப்போது மாற்றியது, யார் குடியிருப்பது, கடந்த ஐந்து ஆண்டுகளில் என்ன கிளைம். அடியில் நீங்கள் கேட்பதை எழுதுங்கள்: கட்டடத்துக்கு இவ்வளவு, பொருள்களுக்கு இவ்வளவு, வாடகை இழப்பு இத்தனை மாதம், பொறுப்பு வரம்பு இவ்வளவு, உங்கள் பங்குத் தொகை இவ்வளவு. அதே தாளை எல்லோருக்கும் கொடுங்கள். வித்தியாசம் பாதியாகச் சுருங்கினாலும் ஆச்சரியமில்லை.

மிச்சமிருக்கும் வித்தியாசத்துக்குக் காரணம் விதிவிலக்குகளில் இருக்கும். வாடகை வீட்டில் நாங்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது தண்ணீர் தொடர்பான பக்கம். குழாய் வெடித்துத் தரையும் சுவரும் கெட்டால் பணம் உண்டா? உண்டு என்றால், சுவருக்குள் எங்கே ஓட்டை என்று தேடி உடைத்து, மறுபடி பூசும் செலவு உண்டா? இது பெரும்பாலும் தனியாகச் சேர்க்க வேண்டிய பிரிவு. ஓட்டைக் குழாயின் விலை அற்பம். அதைக் கண்டுபிடிக்கப் பெயர்க்கும் டைல்ஸ்தான் செலவு.

அடுத்து வெள்ளம், நிலநடுக்கம், மண் இறங்குதல். இவற்றுக்குத் தனிப் பங்குத் தொகை இருக்கலாம், அதுவும் சதவீதக் கணக்கில். காப்பீட்டுத் தொகையில் சதவீதமா, நஷ்டத் தொகையில் சதவீதமா என்று கேளுங்கள். கட்டடத் தொகையில் 5 சதவீதம் என்றால் சிறு நஷ்டங்களுக்கு ஒன்றுமே கிடைக்காது. வீடு தாழ்வான பகுதியில் இருந்தால் வெள்ளத்தை நீக்கிப் பிரீமியத்தைக் குறைப்பதாகச் சொல்லும் விலைப்புள்ளியை ஒதுக்கிவிடுங்கள். உயரமான இடத்தில் மூன்றாம் மாடி என்றால் அதையே யோசிக்கலாம்.

பிரீமியத்தை நியாயமாகக் குறைக்க வேறு என்ன வழி?

பெரிய வழி, உங்கள் பங்குத் தொகையை உயர்த்துவது. ஒவ்வொரு கிளைமிலும் முதலில் நீங்கள் ஏற்கும் தொகை அது. கணக்கு எளிது. பங்குத் தொகையை 40 கூட்டினால் ஆண்டுப் பிரீமியம் 8 குறைகிறது என்று வையுங்கள். ஐந்து ஆண்டு கிளைம் இல்லாமல் போனால் சமமாகிவிடும், அதற்குமேல் லாபம். நன்றாகப் பராமரிக்கும் வீட்டுக்கு இது நல்ல பேரம். பிரீமியம் 2 மட்டும் குறைகிறது என்றால் இருபது ஆண்டு காத்திருக்க வேண்டும், வேண்டாம். ஆனால் உயர்த்திய தொகையை எந்த நேரமும் எடுக்கக்கூடிய கணக்கில் தனியாக வைத்திருங்கள்.

இதோடு சேர்ந்த பழக்கம், சில்லறைச் சேதத்துக்குக் கிளைம் போடாமல் இருப்பது. உடைந்த கண்ணாடிக்கும் கழன்ற தாழ்ப்பாளுக்கும் கிளைம் போட்டால் கிடைப்பது கொஞ்சம். புதுப்பிக்கும்போது கிளைம் வரலாறு பிரீமியத்தை ஏற்றும்.

ஒன்றுக்கு மேற்பட்ட வீடு இருந்தால் ஒரே பாலிசியில் சேர்த்துக் கேளுங்கள். மாதத் தவணையில் கட்டினால் வட்டி சேரலாம், ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டும் தொகையோடு ஒப்பிடுங்கள். புகை எச்சரிக்கைக் கருவி, நல்ல பூட்டு, புதிய ஒயரிங், மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போன்றவற்றுக்குத் தள்ளுபடி உண்டா என்று வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். தள்ளுபடி இல்லையென்றாலும் ஆர்.சி.சி.பி. போடுங்கள், அது ஆள் உயிரைக் காப்பது. வீட்டுக்கு 30 மில்லியாம்பியர் வகை. அதிலுள்ள சோதனைப் பொத்தானை சில மாதங்களுக்கு ஒருமுறை அழுத்திப் பார்க்கும்படி குடித்தனக்காரரிடம் சொல்லிவையுங்கள்.

புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே விலைப்புள்ளி கேட்கத் தொடங்குங்கள். கடைசி நாளில் கேட்பவருக்குப் பேரம் பேச நேரம் இருப்பதில்லை.

குடித்தனக்காரர் நான்கு மாதமாக வாடகை தரவில்லை. பாலிசியில் "வாடகை இழப்பு" என்று இருக்கிறது. கிளைம் போடலாமா?

முடியாது. அந்த வாடகை இழப்பு, பாலிசியில் சொன்ன விபத்தால் வீடு குடியிருக்க முடியாமல் போனால் மட்டும் வரும். தீ, புயல், வெள்ளம் போன்றவை. குடித்தனக்காரர் தராமல் போவதற்கு வாடகை உத்தரவாதக் காப்பீடு என்று தனி வகை சில நாடுகளில் கிடைக்கிறது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு: எழுத்து ஒப்பந்தம், குடிவைக்கும் முன் வருமானச் சான்று பார்த்திருத்தல், ஆரம்பக் காத்திருப்புக் காலம். பாக்கி விழுந்த பிறகு எடுத்தால் அந்தப் பாக்கிக்குப் பயன்படாது.

விபத்துக்கான வாடகை இழப்பில் மாதங்களைக் குறைத்து மிச்சம் பிடிக்காதீர்கள். சர்வேயர் ஒப்புதல், இடிபாடு அகற்றல், அனுமதி, கட்டுமானம், பூச்சு காய்தல், புதிய ஆள் கிடைத்தல் என்று வரிசையாகக் கூட்டிப் பாருங்கள். தீ பலமாகப் பிடித்த வீட்டுக்கு ஆறு மாதம் போதாது, பன்னிரண்டு மாதம் கேளுங்கள்.

குடித்தனக்காரர் சுவரில் துளையிட்டு, கதவை உடைத்து, ஏ.சி.யையும் கழற்றிக்கொண்டு போனால்?

மூன்றும் மூன்று பிரிவு. துளை, கறை, தேய்ந்த தரை எல்லாம் சாதாரணத் தேய்மானம், எந்தப் பாலிசியும் தராது. அட்வான்ஸில்தான் கழிக்க வேண்டும், அதுவும் நியாயமான தேய்மானத்துக்கு மேல் போனால் மட்டும். வேண்டுமென்றே கதவை உடைப்பது, "குடித்தனக்காரர் செய்த சேதம்" என்று பாலிசியில் சேர்த்திருந்தால் கிடைக்கும். பல பாலிசிகள் வெளியாள் செய்த சேதத்தை ஏற்று, உள்ளே சட்டப்படி இருப்பவர் செய்ததை விலக்கிவிடுகின்றன. திருட்டிலும் அதே சிக்கல். பூட்டை உடைத்து நுழைந்த அடையாளம் கேட்பார்கள், சாவி வைத்திருப்பவர் எடுத்துப்போனால் அந்த அடையாளம் இருக்காது.

எந்தப் பிரிவாக இருந்தாலும் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வோர் அறையையும் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுங்கள். ஏ.சி., கீசர், மோட்டார் ஆகியவற்றின் வரிசை எண் ஒட்டியிருக்கும் தகட்டையும் படம் எடுங்கள். பட்டியலில் இருவரும் கையெழுத்திடுங்கள்.

எனக்குச் சொந்தமில்லாத குடித்தனக்காரரின் சாமான்களும் என் பாலிசியில் அடங்குமா?

அடங்காது. அவர் தனியே எடுக்க வேண்டும், அது மலிவானதுதான். ஒப்பந்தத்தில் ஒரு வரியில் இதை எழுதிவிடுங்கள். தீக்குப் பிறகு, "வீட்டுக்காரர் பாலிசி எடுத்திருந்தாரே" என்ற மனக்கசப்பு வராது.

ஒரு குடும்பம் காலி செய்த பிறகு அடுத்தவர் வர இரண்டு மாதம் ஆகும்போல. அதுவரை பாலிசி செல்லும்தானே?

முழுதாகச் செல்லாமல் போகலாம். தொடர்ந்து 30 அல்லது 60 நாள் ஆளில்லாமல் இருந்தால் திருட்டு, தண்ணீர்க் கசிவு, வேண்டுமென்றே செய்யும் சேதம் ஆகியவற்றை நிறுத்திவைக்கும் பாலிசிகள் நிறைய உண்டு. காரணம் எளியது. ஆள் இருக்கும் வீட்டில் கை கழுவும் தொட்டியின் அடியில் உள்ள இணைப்புக் குழாய் விட்டுப்போனால் ஐந்து நிமிடத்தில் யாராவது பார்த்துவிடுவார்கள். பூட்டிய வீட்டில் மேல்தொட்டி முழுதும் தரையில் இறங்கிய பிறகுதான் தெரியும், அதுவும் மோட்டார் தானியங்கி என்றால் தொட்டி நிரம்பிக்கொண்டே இருக்கும்.

காலி ஆன தேதியை நிறுவனத்துக்கு எழுதுங்கள். மெயின் வால்வை மூடி, குழாய்களைத் திறந்து நீரை வடித்துவிடுங்கள். மோட்டார், கீசர் சுவிட்சுகளை அணையுங்கள், கேஸ் இணைப்பை மூடுங்கள். வாரம் ஒருமுறை யாராவது உள்ளே போய்ப் பார்த்து, தேதியோடு படம் எடுத்து அனுப்பட்டும். பாலிசி கேட்கும் ஆதாரம் இதுதான். காலியாக இருக்கும் இந்த நாள்களில் கை கழுவும் தொட்டியின் அடியில் உள்ள வளையும் இணைப்புக் குழாய்களை மாற்றிவிடலாம். எஃகு பின்னலில் துருப்புள்ளி தெரிந்தாலோ, நட்டில் வெடிப்பு இருந்தாலோ யோசிக்கவே வேண்டாம். புதிய நட்டைக் கையால் திருகி, ஸ்பானரால் சிறிதளவு மட்டும் இறுக்கச் சொல்லுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் அந்த இடத்தில்தான் பின்னால் வெடிக்கும்.

குளியலறைக் குழாய் கசிந்து படுக்கையறைச் சுவர் உப்பிவிட்டது. "படிப்படியான கசிவு" என்று கிளைமை மறுத்துவிட்டார்கள். எதிர்த்துக் கேட்க முடியுமா?

கேட்கலாம், ஆனால் எது நடந்தது என்பதைப் பொறுத்தது. மாதக்கணக்கில் ஊறிய ஓதம் பாலிசியில் வராது. அது பராமரிப்புக் குறை. திடீரென உடைந்த குழாயால் வந்த நஷ்டம் வரும். சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக வளையக் கறை, வெள்ளை உப்புப் பூத்தல், பூஞ்சை இருந்தால் சர்வேயர் நாள்பட்டது என்று எழுதுவார். உடைந்த குழாய்த்துண்டு கையில் இருந்து, அதில் புதிய வெடிப்பு தெரிந்தால் உங்கள் பக்கம் வலுவாகும். பிளம்பர் அதைத் தூக்கிப் போட்டிருந்தால் நல்ல ஆதாரம் போய்விட்டது. பிளம்பர் எழுதித் தரும் குறிப்பு, முந்தைய மாதத் தண்ணீர்க் கட்டண ரசீது, குடித்தனக்காரர் முதலில் புகார் சொன்ன செய்தியின் தேதி ஆகியவற்றைத் திரட்டுங்கள்.

மறுப்புக் கடிதத்தில் பாலிசியின் எந்த விதியைச் சொல்லி மறுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். விதி எண் இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்க்கும் பிரிவுக்கு, பதில் திருப்தியில்லையென்றால் உங்கள் நாட்டில் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அமைப்புக்கு. இரண்டுக்கும் காலவரம்பு உண்டு. மறுப்பு வந்த தேதியைக் குறித்துக்கொண்டு அதற்குள் அனுப்புங்கள்.

அடுத்த முறை தண்ணீர்ச் சேதம் என்றால் இந்த வரிசையில் செய்யுங்கள்: வால்வை மூடுவது, துடைப்பதற்கு முன் படமும் வீடியோவும் எடுப்பது, அன்றே நிறுவனத்துக்கு எழுதுவது, சேதம் பரவாமல் தற்காலிகமாக அடைப்பது. நிரந்தரப் பழுதுபார்ப்பை சர்வேயர் பார்த்த பிறகு தொடங்குங்கள். கீழ்வீட்டுக்காரருக்கும் சேதம் என்றால், ஆறுதல் சொல்லுங்கள், உதவுங்கள், ஆனால் "முழுச் செலவும் என்னுடையது" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நிறுவனத்தின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஏற்றுக்கொண்டால் மூன்றாம் நபர் பொறுப்புப் பிரிவே செல்லாமல் போகலாம். அவருடைய கடிதத்தை அப்படியே நிறுவனத்துக்கு அனுப்பிவையுங்கள்.